எந்த இரைக்கு எந்த லைன்

ஆகஸ்ட் 3, சனி

இன்றிலிருந்து தூண்டில் விவரங்களை எழுதி வைப்பதாக முடிவு. கிரேன் ஓட்டுகிறவன் ஷிப்ட் முடிந்ததும் லாக் புத்தகத்தில் எழுதுவான்: காற்று எவ்வளவு, என்ன லோடு, இயந்திரத்தில் என்ன கோளாறு. எனக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். அதையே இங்கும் செய்யலாம். எந்த இரைக்கு எந்த லைன் ஒத்துவந்தது என்பதை மனதில் மட்டும் வைத்திருந்தால் அடுத்த வாரம் குழம்பிப்போகிறது.

இடம்: தெற்குக் கடற்கரை, கடலுக்குள் நீள கல் கொட்டிய தூண்டில் வளைவின் நுனி. நேரம்: காலை ஐந்தே முக்கால் முதல் எட்டு வரை. காற்று: கச்சான் (மேற்குக் காற்று), முதுகுப் பக்கமிருந்து. தண்ணீர்: லேசான கலங்கல். இரை: நாலு அங்குல ரப்பர் மீன், தலையில் ஈயம். லைன்: தங்கூசி (ஒற்றை நைலான் நரம்பு).

கூட வந்தவர் மச்சாது. துறைமுகத்தில் என் கிரேனுக்குக் கீழே நின்று கையால் சிக்னல் காட்டுகிறவர் அவர்தான். பதினோரு வருடமாக வேலையில் அவர் கீழே, நான் மேலே. சனிக்கிழமை எங்களுக்கு மதிய ஷிப்ட் என்பதால் காலையில் இருவரும் ஒரே கல்லில்.

அவருக்கு இரண்டு பாறை மீன். எனக்கு ஒன்றுமில்லை. ரப்பர் மீனைச் சுற்றி இழுக்கும்போது அதன் வால் தண்ணீரில் அடிப்பது லைன் வழியாக ஆள்காட்டி விரலுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான், மீன் வாய் வைக்கும்போது அந்த அடி நின்றுபோவதும் தெரியும். இன்று தெரியவில்லை.

“உம்ம லைனு சவ்வு மிட்டாய் மாதிரி இழுவுது வே,” என்றார் மச்சாது. “அந்தப் பக்கம் மீன் வந்து, சிகாமணி அண்ணாச்சி வீட்ல இருக்காகளான்னு கேட்டாலும் உமக்குக் கேக்காது.”

தங்கூசி இழுபடும். அது உண்மைதான். லைனை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நேற்று மாதா கோவில் திருவிழா. மச்சாது வீட்டில் சாப்பாடு. இன்று வேலை முடிந்து தொம்மையின் தூண்டில் கடைக்குப் போனேன்.

“ரப்பர் மீனுக்கா அண்ணாச்சி? அப்ப பிரெய்டுதான். பின்னுன நூலு, இழுபடவே இழுபடாது. மீன் மூச்சு விட்டாலே உங்க விரல்ல தெரியும்.”

“அப்ப எல்லாத்துக்கும் பிரெய்டே போட்டுரலாமே?”

“அதெப்படி? உதடு வச்ச பிளாஸ்டிக் மீன் இருக்குல்லா, அதுல முள்ளு சின்னது, மூணு மூணா இருக்கும். மீன் உதறும்போது பிரெய்டு விட்டுக்குடுக்காது, வாயக் கிழிச்சிட்டுப் போயிரும். அதுக்குத் தங்கூசி. கொஞ்சம் இழுபட்டுக் குடுக்கணும். மினுங்குத தகடு இரைக்கு பிரெய்டு. தண்ணி மேலயே வார பாப்பருக்கும் பிரெய்டுதான், ஆனா நுனியில ரெண்டு முழம் தங்கூசி கட்டணும், அது மிதக்கும். ஃப்ளூரோ கட்டுனியன்னா அது முங்கும், பாப்பர் மூக்கையும் சேத்துல்லா முக்கிரும்.”

“ஊளி மீன் வந்தா?”

“கம்பி. ஊளிப் பல்லுக்கு ஃப்ளூரோவும் ஒண்ணுதான், இடியாப்பமும் ஒண்ணுதான்.”

எட்டு இழை பிரெய்டும், நுனிக்குக் கட்ட ஃப்ளூரோகார்பன் நரம்பும் வாங்கினேன். ரப்பர் மீன் முங்க வேண்டிய இரை. அதற்கு ஃப்ளூரோ சரி. தண்ணீரில் கண்ணுக்கும் தெரியாது. வீட்டில் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிரெய்டு மிக மெல்லியது, பிடியில் நிற்கவில்லை. மூக்குக் கண்ணாடியும் பழையது. கடைசியில் என் மனைவி எமீமாள் வந்து, “தாங்க இங்க” என்று வாங்கி முடிச்சைப் போட்டுவிட்டாள். பூக் கட்டுகிற கை.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆபரேட்டர்களுக்கான உடல்தகுதிச் சோதனை செப்டம்பர் 14. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவதுதான். கண், காது, ரத்த அழுத்தம், சர்க்கரை. படிவத்தைப் படித்துப் பார்த்தேன். விரல்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

போன தடவை கண் பார்வையில் விழுந்தவர் பிச்சையா. என்னைவிட நல்ல ஆபரேட்டர். இப்போது கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறார். முன்பு அவரை ‘ஆபரேட்டர் சார்’ என்று கூப்பிட்ட டிரைவர்கள் இப்போது ‘ஏ, கேட்டு’ என்று ஹாரன் அடிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 10, சனி

இரை: ரப்பர் மீன். லைன்: எட்டு இழை பிரெய்டு, ஃப்ளூரோ நுனி. காற்று கூடுதல்.

தூரம் நன்றாகப் போகிறது. தங்கூசியைவிடப் பத்து மீட்டர் அதிகம். ஆனால் தொம்மை சொன்ன துடிப்பு இல்லை. காற்றில் லைன் வில்லாக வளைந்துவிடுவதால் இருக்கலாம். எட்டு இழை வழுவழுப்பாக இருப்பதும் ஒரு காரணம்.

ஒரு மீன் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. சுற்றி எடுத்துப் பார்த்தபோது ரப்பர் மீனுக்கு வால் இல்லை.

“எப்பம் கடிச்சுச்சு?” என்றார் மச்சாது.

“இப்பதான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

எமீமாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எடுத்துக் குடித்தேன்.

“ஏங்க, டம்ளர்! இப்பந்தான் இறக்கினேன். கை பொத்துப்போவும்லா?”

“சூடு பழகிருச்சு.”

கழுத்துப் பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள். நேரமாகிவிட்டது என்பதால்.

ஆகஸ்ட் 17, சனி

இரை: ரப்பர் மீன். லைன்: நாலு இழை பிரெய்டு. காற்று குறைவு, தண்ணீர் தெளிவு.

நாலு இழை சொரசொரப்பானது. வளையத்தில் ஓடும்போது சத்தம் கேட்கும். பலர் அதற்காகவே வேண்டாம் என்பார்கள். எனக்கு அதுதான் வேண்டும் என்று தோன்றியது. சரியாகத்தான் தோன்றியிருக்கிறது. இன்று இழுக்கும்போது துடிப்பு வந்தது. உள்ளங்கையில் வந்தது, விரலில் அல்ல. எங்கே வந்தால் என்ன? வந்தது. ஒரு சிறிய செப்பிலி மீன் கிடைத்தது.

அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மச்சாது கத்தினார். “வே, கையப் பாரும்! கைய!”

ஆள்காட்டி விரலில் லைன் அறுத்திருந்தது. ரீல், கைப்பிடி, பேண்ட் எல்லாம் ரத்தம். எப்போது அறுத்தது என்று தெரியவில்லை. மச்சாது கைக்குட்டையைக் கடலில் நனைத்து இறுக்கிக் கட்டினார். உப்புத் தண்ணீர்.

“எரியலையா?”

“கொஞ்சம்.”

உண்மையில் எரியவில்லை. இதை எழுதுவதற்கு அவசியம் இல்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

குறிப்பு: நாலு இழை போட்டால் விரலுக்கு உறை போட வேண்டும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காற்றாலை இறக்கைகள் ஏற்றுமதிக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் அறுபது மீட்டருக்கு மேல். கப்பலில் ஏற்றுவதற்கு முன் அவற்றைத் துறைமேடையில் தாங்கிச் சட்டங்களில் வரிசையாக இறக்குகிறோம். கடைசி ஒரு அடியை அங்குலம் அங்குலமாக விட வேண்டும். அதைச் செய்வது வலது லீவர். கையால் தள்ளுவது அல்ல. விரல் நுனியால் நினைப்பது என்று நான் புதியவர்களிடம் சொல்வதுண்டு.

இரண்டாவது இறக்கை. மச்சாது சட்டத்துக்கு அருகில் நின்று ‘மெதுவாக’ என்று காட்டினார். ரப்பர் கட்டை ஒன்று கோணலாக இருந்தது. குனிந்து அதைத் திருப்பி வைத்தார். நான் லீவரைத் தொட்டேன். தொட்டதாகத்தான் நினைத்தேன். இறக்கை ஒரே மூச்சில் நாலு அங்குலம் இறங்கியது. மச்சாது கையை இழுத்துக்கொண்டார்.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

சூப்பர்வைசர் கோயில்பிள்ளை ஓடிவந்து கேட்டபோது மச்சாது, “காத்து சார்,” என்றார். காற்றுமானியில் நொடிக்கு ஒரு மீட்டர்தான் இருந்தது. அந்தக் காற்றில் துவைத்த வேட்டிகூட ஆடாது.

லாக் புத்தகத்தில் ‘வலது லீவர் இறுக்கமாக உள்ளது’ என்று எழுதினேன். மெக்கானிக் வந்து பார்த்தான். லீவர் சரியாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 24, சனி

இரை: பாப்பர். லைன்: பிரெய்டு, நுனியில் இரண்டு முழம் தங்கூசி.

ரப்பர் மீனை விட்டுவிட்டேன். பாப்பர் தண்ணீர் மேலேயே வரும். இழுத்தால் வாயைத் திறந்து ‘பளக்’ என்று தண்ணீரைத் துப்பும். மீன் வந்து அடிப்பது கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் வெடிக்கும். விரலுக்கு வேலை இல்லை. தங்கூசி நுனி மிதந்தது, பாப்பரின் மூக்கு நிமிர்ந்தே வந்தது. தொம்மை சொன்னது அப்படியே சரி. ஆறரைக்கு ஒரு பாறை, இரண்டரைக் கிலோ. இந்த மாதம் எனக்குக் கிடைத்த நல்ல மீன் இதுதான்.

“என்ன வே, ரப்பர் மீனத் தள்ளி வச்சிட்டீரா?”

“கண்ணால பாத்துப் பிடிக்கதுல ஒரு சொகம் இருக்கு.”

“இருக்கும், இருக்கும். கிரேன்லயும் ஒரு பாப்பர் மாட்டிக்கிடும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.  மீனைப் பாதியாக வெட்டி எடுத்துக்கொண்டோம். எமீமாள் குழம்பு வைத்தாள். முள்ளை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று நான்கு இறக்கைகள். எல்லாம் நல்லபடியாக இறங்கின.

ஒரு விஷயத்தை எழுத வேண்டும். ஆபரேட்டர் தன் கையைப் பார்க்கக் கூடாது. கண் லோடில் இருக்க வேண்டும், அல்லது சிக்னல்காரரின் கையில். இது முதல் நாள் பாடம். இன்று நான்கு இறக்கைக்கும் கடைசி அடியில் நான் என் கையைப் பார்த்துத்தான் லீவரை நகர்த்தினேன். கண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதற்கு ஒரு நொடி ஆகிறது. அந்த ஒரு நொடி மச்சாது கீழே நிற்பது எனக்குத் தெரியாது.

சோதனைக்கு இன்னும் பதினேழு நாள்.

ஆகஸ்ட் 31, சனி

காற்று இல்லை. கடல் தட்டையாக இருந்தது. இரை, லைன் எழுதப்போவதில்லை.

நான் பாப்பரைக் கட்ட எடுத்தபோது மச்சாது, “அத வையும்” என்றார். தன் தூண்டிலை வீசி, என் கையில் கொடுத்தார். எட்டு இழை பிரெய்டு, ஈயத் தலை வைத்த ரப்பர் மீன். “கரையப் பாத்து உக்காரும். கடலுக்கு முதுகக் காட்டி. விரல லைன்ல வையும்.”

“எதுக்கு வே?”

“உக்காரும்ங்கேன்.”

உட்கார்ந்தேன். அவர் எனக்குப் பின்னால் கல்லில் இறங்கிப் போய், லைன் தண்ணீரைத் தொடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

“நான் இங்கன நின்னு லைனச் சுண்டுவேன். மீன் தொடுத மாதிரி. உமக்குத் தெரியும்போதெல்லாம் ‘ஆங்’னு சொல்லும்.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏதோ வந்தது போல இருந்தது. “ஆங்” என்றேன். மறுபடி ஒன்று, லேசாக. “ஆங்.” பிறகு இரண்டு, அடுத்தடுத்து. எனக்கு உற்சாகமாகவே இருந்தது. “ஆங். ஆங். இது நல்லாத் தெரியுது வே.”

“எத்தன ஆச்சு?”

“நாலு.”

 திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் கக்கத்தில்.

“நான் லைனத் தொடவே இல்ல, சிகாமணி,” என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் என்னை ‘வே’ இல்லாமல் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

 ஒரு நாட்டுப்படகு வளைவைச் சுற்றிக்கொண்டு போனது. அதிலிருந்தவன், “என்ன அண்ணாச்சி, மீன் வரும்போது பாத்து ஆளு திரும்பி உக்காந்திருக்காரு?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி போனான்.

“எப்பத்துல இருந்து?” என்றார் மச்சாது.

“ரெண்டு மூணு மாசம்.”

“ஆஸ்பத்திரிக்கு?”

“போகல. போனா சீட்டுல எழுதிருவாங்க. எழுதினா ஆபரேட்டர் கார்டு போச்சு. பிச்சையா பக்கத்துல ஒரு நாற்காலி.”

“அது சரி.” அவர் என் கையிலிருந்து தூண்டிலை வாங்கி லைனைச் சுற்ற ஆரம்பித்தார். “அன்னைக்கு அந்த நாலு அங்குலம். ரப்பர் கட்டையில என் மோதிரத் தடம் விழுந்து கெடக்கு. பாத்தீரா?”

“நீரு காத்துன்னு சொன்னீரே.”

“வேற என்ன சொல்ல? சிகாமணிக்கு விரலு செத்துப்போச்சுன்னு மைக் போட்டுச் சொல்லவா?”

“திங்கக்கிழம யாருட்டயும் சொல்லப்போறீரா?”

“நான் சொல்ல மாட்டேன். அது என் வாயில வராது.” சுற்றி முடித்து, முள்ளைக் கைப்பிடியில் மாட்டினார். “திங்கக்கிழமயும் நீரு மேல இருந்தீர்னா நான் கீழ நிப்பேன். என் எடம் அது. நீரு என்ன செய்யணும்னு நீருதான் பாத்துக்கிடணும்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கோவிலுக்குப் போனோம். பிரசங்கம் காதில் விழவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

நான்கு நாள் எழுதவில்லை. முதலில் முடிவை எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை டாக்டரிடம் போனோம். மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதாம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனது அதனால்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கும், ஒரே பிடியில் வருடக்கணக்காக வேலை செய்கிறவர்களுக்கும் வருமாம். எனக்கு இரண்டும் இருக்கிறது. எவ்வளவு நாளாக என்று டாக்டர் கேட்டார். மூன்று மாதம் என்றேன்.

“இல்ல டாக்டர்,” என்றாள் எமீமாள். “போன கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டும்போதே நூலு பிடிக்க முடியல. நாந்தான் கட்டுனேன்.”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு, பொத்தான், மீன் முள் எல்லாவற்றையும் அவள் ஒன்பது மாதமாகக் கேள்வி கேட்காமல் செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

சிறிய அறுவை சிகிச்சை. அக்டோபர் முதல் வாரம். உணர்ச்சி முழுதாகத் திரும்புமா என்று கேட்டேன். “முன்னாடியே வந்திருந்தா உறுதியாச் சொல்லியிருப்பேன். இப்ப முக்கால்வாசி வரலாம். வராமலும் போகலாம்,” என்றார் டாக்டர். முக்கால்வாசி விரலோடு கிரேன் ஓட்ட முடியாது. 14ஆம் தேதிப் பட்டியலில் என் பெயர் இல்லை. இப்போது கேட்டில் இருக்கிறேன். பிச்சையா தன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி எனக்கு நிழலில் இடம் போட்டார். 

இனி திங்கள்கிழமை நடந்தது.

காலை எட்டரைக்கு கேபினுக்கு ஏறினேன். ஏறக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் ஏறினேன். ஏறிய பிறகு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பினேன். ஒவ்வொன்றாகச் செய்தால் எதுவுமே பெரிய தப்பாகத் தெரிவதில்லை.

அன்று முதல் லோடு ஒரு இறக்கை. தூக்கியாயிற்று, திருப்பியாயிற்று. சட்டத்துக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு பக்கமும் கயிறு பிடித்தவர்கள் தயார். மச்சாது தன் இடத்துக்கு வந்தார். மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சு சட்டை. அன்றைக்குக் கையை இழுத்துக்கொண்ட அதே இடம். ஒரு அடிகூடத் தள்ளி நிற்கவில்லை. மேலே என்னைப் பார்த்தார். கையை உயர்த்தி, விரல்களைக் குவித்து, ‘மெதுவாக’ என்று காட்டினார்.

நான் என் கையைப் பார்த்தேன். லீவர் மேல்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கை எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை.

கையை எடுத்தேன். லோடை அப்படியே நிறுத்தி, பிரேக்கைப் போட்டேன். வாக்கி-டாக்கியில், “மச்சாது, எல்லாரையும் வெளிய எடும். லோடுக்குக் கீழ யாரும் நிக்கக் கூடாது. ரெண்டாவது ஆபரேட்டரக் கூப்பிடுங்க,” என்றேன். மச்சாது கையை வீசி ஆட்களை ஒதுக்கினார். அடுத்த ஆபரேட்டர் வந்து சீட்டில் உட்கார்ந்து லோடைக் கையில் எடுத்துக்கொள்ளும் வரை கேபினை விட்டு இறங்கவில்லை. அது விதி. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் இறக்கை அசையாமல் தொங்கியது.

இறங்கி வந்தபோது கோயில்பிள்ளை ஏணியடியில் நின்றுகொண்டிருந்தார். “என்ன ஆபரேட்டர், வயிறு சரியில்லையா? அஞ்சு நிமிஷத்துல போயிட்டு வாங்களேன், இதுக்கு ஏன் ஆள மாத்தணும்?”

“வயிறு இல்ல சார். வலது கை விரல்ல உணர்ச்சி இல்ல. இருபதாம் தேதி லோடு இறங்கினது காத்துல இல்ல. என் கை. லீவர் இறுக்கம்னு எழுதினதும் பொய். லாக் புத்தகத்தத் தாங்க, திருத்தி எழுதணும்.”

அவர் வெகுநேரம் என் கையைப் பார்த்தார். பார்க்க அது எல்லாக் கையையும் போலத்தான் இருந்தது.

“மச்சாதுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியாது சார்,” என்றேன். அன்று நான் சொன்ன ஒரே பொய் அது.

மச்சாது துறைமேடை ஓரத்தில் கப்பல் கயிற்றைக் கட்டும் இரும்புக் குற்றிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவரை நோக்கி நடந்தேன். ஏதாவது கேலியாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நான் கிட்டப் போனதும், குற்றியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அதன் மேல் உட்கார்ந்தார். சட்டை முழுதும் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இருவதாம் தேதில இருந்து ராத்திரி தூக்கம் இல்ல வே,” என்றார்.

ஹெல்மெட்டைக் கழற்றப் போனார். தாடைக்குக் கீழே உள்ள வாரின் கொக்கி அவர் கைக்கு அகப்படவில்லை. விரல்கள் அப்படி ஆடின. நான் குனிந்து கழற்ற முயன்றேன். கொக்கி எங்கே, வார் எங்கே என்று என் விரலுக்குத் தெரியவில்லை. அவர் தாடையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நான் தடவிக்கொண்டிருந்தேன்.

“விடும் வே, கூச்சமா இருக்கு,” என்றார்.

கோயில்பிள்ளை வந்து கழற்றிவிட்டார்.